குந்தவை என்னும் பெயர்

(மகாவீரர் திருவவதாரப் பெருவிழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மகளிர் பெயர்களைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தார்கள். மருதேவி, பிராமி, சுந்தரி, சந்தனை, அனந்தமதி என்று பெயர்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பொருள் சொல்லி முடித்துவிடலாம். அத்தகைய பட்டியல்கள் நம் விழா மலர்களிலேயே பலமுறை வந்துள்ளன. ஆதலின் இன்று ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு பேசக் கருதுகின்றேன். அது குந்தவை என்னும் பெயர்.

இப்பெயரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அண்மைக் காலத்தில் நம் சமூகத்து இளம் பெற்றோர் சிலர் தம் பெண்மகவுக்குக் குந்தவை என்று பெயரிட விரும்பி, வீட்டுப் பெரியோரிடம் தடை கேட்டு நிற்கின்றனர். பெரியோர் சொல்லும் தடைகள் மூன்று. இப்பெயருக்குப் பொருளே இல்லை என்பது ஒன்று. இது சோழ அரச குடும்பத்துப் பெயர், சைவப் பெயர், நம் புராணங்களில் இல்லை என்பது மற்றொன்று. பள்ளியிற் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பது மூன்றாவது. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இவ்வழக்கு என்னிடம் வந்தது. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு உண்டோ இல்லையோ, கல்வெட்டுகளும் செப்பேடுகளும் நிகண்டுகளும் சொல்வதை எடுத்துரைக்கலாம்.

முதலில் பொருள். குந்தவை என்பதைப் பிரித்தால் குந்த + அவ்வை என்று நிற்கும். பின்னிற்கும் சொல்லை நாம் நன்கறிவோம். அவ்வை என்றால் தாய். மூதாட்டி என்றும் பொருள்படும். தவம் மேற்கொண்ட பெண்ணையும் அச்சொல் குறிக்கும் என நிகண்டுகள் கூறும். நம் சமயத்து ஆர்யிகையரைக் கந்தி என்றும் கவுந்தி என்றும் குரத்தி என்றும் பண்டைத் தமிழர் அழைத்தனர் அல்லவா? அந்தப் பெயர் வரிசையோடு சேர்த்து எண்ணத்தக்க சொல் அவ்வை. தெலுங்கிலும் கன்னடத்திலும் இச்சொல் அவ்வ என்று வழங்குகின்றது. இன்றும் தெலுங்கு நாட்டிற் பாட்டியை அவ்வ என்பர்; கன்னட நாட்டிற் தாயை அவ்வ என்பர். அங்கெல்லாம் பெண்களின் பெயருக்குப் பின்னே அவ்வ என்பதை ஒட்டிச் சொல்வது நெடுங்காலப் பழக்கம். நாம் அம்மாள் என்றும் அம்மை என்றும் சேர்ப்பதைப் போன்றதே அது. கன்னடத்தில் இதனோடு உறவுடைய மற்றொரு சொல் அப்பெ என்பது. பொன்ன கவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கியவரும், இலக்குண்டியில் 1007இல் ஜினாலயம் எடுப்பித்தவருமான அத்திமப்பெயின் பெயரில் நிற்பது அந்த அப்பெயே.

நம் ஊர்க் கல்வெட்டுகளில் இவ்விரண்டு ஈறுகளும் அவை, அப்பை என்று தமிழுக்கேற்பத் திரிந்து நிற்கின்றன. பேச்சில் அவ்வை என்பதில் இரட்டித்த வகரம் ஒன்று குறைந்து அவை ஆயிற்று. எனவே குந்தவை என்னும் பெயரின் ஈற்றில் இருப்பது சபையைக் குறிக்கும் அவை அன்று. ‘குந்தியிருக்கும் அவை’ என்று ஒரு நண்பர் வேடிக்கையாகப் பொருள் சொன்னார். வேடிக்கையாகவே அதை விட்டுவிடுவோம்.

முன்னிற்கும் குந்த என்பது சற்றே சிக்கலானது. தமிழெழுத்தில் தகரம் ஒன்றே. வல்லொலியும் மெல்லொலியும் அதனாலேயே எழுதப்படும். ஆதலின் எழுத்தை மட்டும் நோக்கினால் இரண்டு பொருள்களுக்கு இடம் உண்டு. வல்லொலித் தகரம் உடைய வடசொல் வேலைக் குறிக்கும். தமிழிலும் குந்தம் என்றால் வேல் என்பதை நூல் பயின்றோர் அறிவர். மெல்லொலியுடைய வடசொல் குந்தமலரைக் குறிக்கும். அது பனிக்காலத்திற் பூக்கும் வெண்மல்லிகை வகை. அரச குடும்பத்துப் பெண் ஆதலின் வேலேந்திய தாய் என்று பொருள் கொள்வதே பொருத்தம் என்று சிலர் எழுதியிருக்கின்றனர். படிப்பதற்கு வீரமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நான் அதனை ஏற்கவில்லை. வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியரின் செப்பேடுகளில், வடமொழிப் பகுதியில், இந்தப் பெயர் மெல்லொலித் தகரத்தோடு எழுதப்பட்டிருக்கின்றது. வடமொழி எழுத்து முறையில் இரண்டு ஒலிகளுக்கும் வெவ்வேறு எழுத்துகள் இருப்பதால் அங்கே ஐயத்திற்கு இடமில்லை. எழுதியவர்கள் அந்தப் பெயரைத் தம் அரசியின் பெயராக நாள்தோறும் கேட்டவர்கள். அவர்கள் காதில் விழுந்த ஒலி மல்லிகையின் ஒலியே.

இதற்கு வலிமை சேர்க்கும் சான்று ஒன்று கங்க நாட்டில் இருக்கின்றது. நம் சமயத்தார் பெருமையோடு நினைவிற் கொள்ள வேண்டிய சான்று அது. தேவரஹள்ளிச் செப்பேடு என்று அதற்குப் பெயர், ஆண்டு 776. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் ஒரு ஜினாலயத்துக்குப் பொன்னள்ளி என்னும் ஊரைக் கொடையாக அளித்ததை அது கூறுகின்றது. ஸ்ரீபுரத்தின் வடபால் இருந்த அந்த ஜினாலயத்தின் பெயர் லோகதிலகம். அதனை எடுப்பித்தவர் ஒரு பெண். அவர் பெயர் குந்தாச்சி. பல்லவாதிராசனின் பெயர்த்தி என்றும் நிர்க்குந்த நாட்டரசன் பரமகூளனின் மனைவி என்றும் செப்பேடு அவரை அறிமுகம் செய்கின்றது. குந்த என்னும் சொல்லோடு ஆச்சி சேர்ந்தால் குந்தாச்சி, அவ்வை சேர்ந்தால் குந்தவை. ஆச்சியும் அவ்வையும் தாயையும் மூத்த பெண்ணையும் குறிக்கும் ஒருபொருட் சொற்கள் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. ஆகவே சோழநாட்டில் இப்பெயர் ஒலிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, அதன் உடன்பிறப்பான பெயர் ஒன்று கன்னட நாட்டில், ஜினாலயம் கட்டிய ஒரு சிராவகியின் பெயராக வழங்கியிருக்கின்றது.

மல்லிகை என்றதும் மற்றொன்றும் நினைவுக்கு வருகின்றது. இருபத்துநான்கு தீர்த்தங்கரருள் சந்திரப்பிரபரும் புட்பதந்தரும் வெண்ணிற மேனியர். அவர்களின் வெண்மையைப் போற்றும்போது குந்தமலரையும் நிலவையும் பனியையும் உவமையாகச் சேர்த்துச் சொல்வது நம் தோத்திர மரபு. நாள்தோறும் பத்தி பாடம் சொல்லும் பெரியோர் இதனை அறிவர். புட்பதந்தர் என்ற திருநாமமே மலர் போன்ற பல்வரிசை உடையவர் என்று பொருள்படும். எனவே குந்தம் என்னும் சொல் நம் வழிபாட்டுக்கு அயலான சொல் என்று யாரும் சொல்ல இயலாது. குந்தவை என்றால் மல்லிகை அன்னை. இதைவிடத் தூய பொருளுடைய பெண்பெயர் வேண்டுமென்றால் நெடுநேரம் தேட வேண்டியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குந்தகுந்த ஆசாரியரின் திருப்பெயரோடு இந்தப் பெயரை இணைத்துச் சொல்லும் பேச்சு நம் மேடைகளிற் சில ஆண்டுகளாகக் கேட்கின்றது. பொன்னூர் மலையில் அப்பெருந்தகையின் திருவடிகளை வணங்கி வளர்ந்தவர்கள் நாம். அந்த இணைப்பு நமக்கு இனிக்கும். ஆனால் ஆசாரியரின் பெயர் கொண்டகுந்தம் என்னும் ஊர்ப்பெயரால் வந்தது. கல்வெட்டுகள் அவரைக் கொண்டகுந்தர் என்றே குறிக்கின்றன. ஊர்ப்பெயர் ஒன்று, மலர்ப்பெயர் மற்றொன்று. ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு கற்பிப்பது ஆசாரியருக்கும் சிறப்பன்று; நமக்கும் சிறப்பன்று.

இனி, இப்பெயர் எந்த வழியாகத் தமிழகத்துக்கு வந்தது என்பதைப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சோழர் குடும்பத்தில் இப்பெயரோடு நாம் முதலிற் காண்பவர் அரிஞ்சய சோழரின் தேவியருள் ஒருவர். பத்தாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வாழ்ந்தவர். கல்வெட்டு அவரை வீமன் குந்தவையார் என்று குறிக்கின்றது. அக்காலத்தில் பெண்ணின் பெயருக்கு முன்னே தந்தையின் பெயரை வைத்து எழுதினர். மணமான பின்னும் அது மாறவில்லை. எனவே வீமன் என்பது தந்தையின் பெயர். வீமன் என்னும் பெயர் வேங்கி நாட்டுச் சாளுக்கிய வேந்தர் சிலர் தாங்கிய பெயர். ஆதலால் இவ்வம்மையார் கோதாவரிக் கரையிலிருந்து காவிரிக் கரைக்கு மணமகளாக வந்தவர் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். அவ்வ என்னும் ஈற்றை நோக்கும்போது அந்தக் கருத்தே எனக்கும் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். அவருடைய மகள்தான் நாம் எல்லாரும் அறிந்த குந்தவை; முதலாம் இராசராசரின் தமக்கை; வல்லவரையர் வந்தியதேவரின் மனைவி. சுந்தர சோழரைப் பெற்ற தாய் வேறொரு தேவியார்; வைதும்பர் குடியிற் பிறந்த கல்யாணி. அவ்வாறிருந்தும் சுந்தர சோழர் தம் மகளுக்குத் தம் தந்தையின் மற்றொரு தேவியாரின் பெயர் விளங்கப் பெயரிட்டிருக்கின்றார். அவ்விரு தேவியரிடையே என்ன உறவு நிலவியது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. குழந்தைக்கு வைத்த பெயரே அதனைச் சொல்கின்றதோ என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

பெயர்த்தி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பேத்தி என்கிறோம். மூத்தோரின் பெயரைத் தாங்குபவள் என்பதால் அவள் பெயர்த்தி, அவன் பெயரன். உறவின் பெயரையே பெயரிடும் வழக்கிலிருந்து பெற்ற மொழி நம் மொழி. வீமன் குந்தவையாரின் பெயர்த்தி முறையான பராந்தகன் குந்தவையார் அந்தச் சொல்லுக்கு இலக்கணமாக நிற்கின்றார். சுந்தர சோழரின் மற்றொரு பெயர் பராந்தகன். தந்தை பெயரே இங்கும் முன்னே நிற்கின்றது.

இராசராசர் தம் மகளுக்குத் தமக்கையின் பெயரை இட்டார். அந்த இளைய குந்தவை மணம்புரிந்து சென்ற இடம் எது? வேங்கி நாடு. கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனின் தேவியானார். பெயர் எங்கிருந்து வந்ததாகக் கருதுகிறோமோ அங்கேயே மீண்டு சென்றது. நான் முன்னர்ச் சொன்ன செப்பேடுகள் இந்த அம்மையாரைத்தான் குறிக்கின்றன. விமலாதித்தனைப் பற்றி நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ஆந்திர நாட்டு விசயநகர மாவட்டத்தில் இராமதீர்த்தம் என்னும் மலைத்தலம் இருக்கின்றது. அங்குள்ள குகைக் கல்வெட்டு, தேசிகணத்தைச் சேர்ந்த திரிகாலயோகி சித்தாந்ததேவர் என்னும் ஜைன ஆசாரியரை விமலாதித்தனின் குரு என்று குறிக்கின்றது. மணமகளாகச் சென்ற இளைய குந்தவை புகுந்த வீட்டில் அருகநெறி ஆசாரியர் ஒருவர் அரசனின் குருவாக விளங்கினார்.

விமலாதித்தனுக்கும் இளைய குந்தவைக்கும் பிறந்த மகன் இராசராச நரேந்திரன். அவன் தன் மகளுக்கு இட்ட பெயர், நீங்கள் இப்போது ஊகித்திருப்பீர்கள், குந்தவை. மீண்டும் ஒரு பெயர்த்தி. இவருடைய உடன்பிறந்தான் குலோத்துங்கன் வேங்கியிலிருந்து வந்து சோழ அரியணையில் ஏறியவன். தங்கை குந்தவை 1114இல் தில்லைக் கோயிலுக்குக் கொடை அளித்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. வேங்கியிலிருந்து காவிரிக்கு, காவிரியிலிருந்து வேங்கிக்கு, மீண்டும் வேங்கியிலிருந்து காவிரி நாட்டுக்கு என்று, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் நான்கு பெண்கள் இந்தப் பெயரைக் கைமாற்றி எடுத்து வந்திருக்கின்றனர். அரசர்களின் பட்டப்பெயர்கள் பரகேசரி, இராசகேசரி என்று முறைவைத்து மாறிவந்ததைப் பாடநூலிற் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். பெண்களின் பெயர் ஒன்று இரண்டு அரசகுடிகளுக்கிடையே மாறி மாறிச் சென்றதை எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. நான் கற்பித்த நாளிலும் அது பாடத்தில் இல்லை.

இரண்டாவது தடைக்கு இப்போது வருகின்றேன். இது நம் பெயரா?

திருமலைக்கு நீங்கள் எல்லாரும் சென்றிருப்பீர்கள். போளூருக்கு அருகில், சிகாமணிநாதராக நேமிநாதர் நெடிதுயர்ந்து நிற்கும் மலை. அந்த மலைமேற் பாறையில் முதலாம் இராசேந்திரரின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. கிறித்து ஆண்டு 1025ஐ ஒட்டியது. வரலாற்று நூல்களில் திருமலைக் கல்வெட்டு என்று புகழ்பெற்றது அதுவே. வங்காள தேசமும் கங்கையும் உட்பட, மன்னரின் வெற்றிகள் அதன் மெய்க்கீர்த்தியில் நீளமாக வருவதால் ஆராய்ச்சியாளர் அனைவரும் அதனை எடுத்தாள்வர். அந்த வெற்றிப் பட்டியல் முடிந்த பின்னர், கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டதோ அந்தச் செய்தி வருகின்றது. அதற்குள் படிப்பவர் பலர் புத்தகத்தை மூடிவிடுகின்றனர்.

செய்தி இதுதான். பெரும்பாணப்பாடியில் மல்லியூரில் வாழும் வணிகர் நன்னப்பயன். அவருடைய மணவாட்டி சாமுண்டப்பை. சயங்கொண்ட சோழ மண்டலத்துப் பங்கள நாட்டு முகை நாட்டில், பள்ளிச்சந்தமாகிய வைகாவூர்த் திருமலையில் உள்ள ஸ்ரீ குந்தவை ஜினாலயத்துக்கு அவ்வம்மையார் ஒரு நந்தா விளக்கு வைக்கின்றார். விளக்குக்கு இருபது காசு, திருவமுதுக்குப் பத்துக் காசு. அவ்வளவே. கங்கை வரை சென்ற படையின் செய்தியும் ஒரு வணிகர் மனைவியின் முப்பது காசும் ஒரே பாறையில் இருக்கின்றன. பள்ளிச்சந்தம் என்பது நம் பள்ளிகளுக்கென்று விடப்பட்ட நிலம் என்பதைப் பிள்ளைகளுக்காகச் சொல்லி வைக்கின்றேன்.

அங்கே நம் பெயர் ஜினாலயத்தின் பெயராக நிற்பதைப் பாருங்கள். சாமுண்டப்பை என்னும் பெயரின் ஈற்றையும் கவனியுங்கள். முன்னர்ச் சொன்ன அப்பெ, தமிழில் அப்பை ஆகி நிற்கின்றது. மல்லிகை அன்னையின் பெயரால் அமைந்த கோயிலுக்கு மற்றோர் அன்னைப் பெயருடையவர் விளக்கேற்றியிருக்கின்றார்.

திருமலை ஜினாலயத்துக்குப் பெயர் தந்தவர் இராசராசரின் தமக்கையா, மகளா என்று அறிஞரிடையே முன்னர் வினா எழுந்ததுண்டு. தமக்கையே என்பது பெரும்பாலோர் துணிபு. அதற்குத் துணையாக நிற்பது திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம். அந்நாளில் இராசராசபுரம் என்று வழங்கிய அவ்வூரில் தமக்கையார் குந்தவை மூன்று கோயில்கள் எடுப்பித்தார். சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம். திருமாலுக்குக் குந்தவை விண்ணகரம். அருகனுக்குக் குந்தவை ஜினாலயம். மூன்று கோயில்களுக்கும் அவர் அளித்த பொன், வெள்ளி, முத்து அணிகலன்களை ஒரே கல்வெட்டு வரிசையாகச் சொல்கின்றது. சிவன் கோயில் இன்றும் நிற்கின்றது. ஜினாலயம் இல்லை. அந்தக் கோயிலின் கல்வெட்டு மட்டும் இல்லாதிருந்தால், அங்கே நமக்கொரு ஜினாலயம் இருந்தது என்பதே யாருக்கும் தெரிந்திராது.

இந்தச் சான்றுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, குந்தவைப் பிராட்டியார் சமணரே என்று முழங்குவோர் நம்மிடையே உண்டு. நான் அவ்வாறு சொல்லமாட்டேன். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவர் எழுந்தருளுவித்த உமாதேவியின் திருமேனிகளும், தம் தந்தைக்கும் தாய்க்கும் எடுத்த படிமங்களும், அளித்த அணிகலன்களும் அங்குள்ள கல்வெட்டுகளில் விரிவாக உள்ளன. தம்பியும் நாம் கொடுத்தவை, நம் அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை என்ற வரிசையில் தமக்கையின் கொடையைத் தம் கொடைக்கு அடுத்தே வைத்துக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டார். அவர் சிவநெறிக் குடும்பத்திற் பிறந்து அந்நெறியில் வாழ்ந்தவர். தஞ்சையில் தம் தந்தை பெயரால் அமைந்த சுந்தரசோழ விண்ணகர ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவ மனைக்கு, நிலம் விட்டவரும் அவரே. ஆகார தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம் என்று நாம் நான்கு தானங்களைப் போற்றுகின்றோம். அவற்றுள் ஒன்றைச் செய்தார் என்பதற்காக அவரை நம்மவராக்கிக்கொள்ள வேண்டியதில்லை. தம் நெறியில் நின்றுகொண்டே அருகன் கோயிலுக்குத் தம் பெயரை அளித்தார் என்பதுதான் நடந்தது. நம்மவர் ஒருவர் நம் கோயிலைக் கட்டுவதில் வியப்பில்லை. பிற நெறியில் நின்ற அரசமகள், இருமுறை, இரண்டு ஊர்களில், தம் பெயர் அருகன் ஆலயத்தோடு சேர்ந்து விளங்க விரும்பினார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகின்றது.

ஆகவே பெரியோர்களே, இது சைவப் பெயரா சமணப் பெயரா என்னும் வினாவே இப்பெயருக்குப் பொருந்தவில்லை. அந்தப் பெயருடையவர் எடுப்பித்த கோயில் சைவர்க்கும் வைணவர்க்கும் நமக்கும் இருந்தது. நம் கோயில் ஒன்று அழிந்தது. மற்றொன்று திருமலையில் இருக்கின்றது. புராணத்தில் இல்லாத பெயர் என்பது உண்மை. ஆயினும் தமிழ்நாட்டு ஜினாலயத்தின் கல்லில் இருக்கும் பெயர். நம் குழந்தைகளுக்கு இன்று நாம் இடும் பெயர்களில் எத்தனை பெயர்களுக்கு இந்தச் சிறப்பு உண்டு? ஓசைக்காகவும் எண்கணிதத்துக்காகவும் வைக்கின்ற பெயர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொன்னால் இங்கே பலர் என்னோடு பேசமாட்டார்கள்.

மூன்றாவது தடை கேலி. இதனை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. நம் வடமாவட்டங்களில் குந்து என்றால் உட்கார் என்று பொருள். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் இப்பெயருடைய மாணவி ஒருத்தி இருந்தாள். பொன்னியின் செல்வன் படித்த தாத்தா வைத்த பெயர். கல்கியின் அந்தப் புதினம் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது எத்தனையோ வீடுகளில் இப்பெயர் பேச்சில் அடிபட்டது. குழந்தைகளுக்கு இட்டவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் அவள் தாத்தாவும் ஒருவர். வகுப்பில் ஆசிரியர் பெயர் அழைத்தால் அவள் எழுவாள், பின்வரிசையிலிருந்து ‘குந்து’ என்று ஒரு குரல் வரும், வகுப்பே சிரிக்கும். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புவதற்கு முன் பெயரை மாற்றிவிட வேண்டும் என்று அழுதுகொண்டு என்னிடம் வந்தாள்.

நான் அறிவுரை ஒன்றும் கூறவில்லை. அடுத்த நாள் இலக்கண வகுப்பில் ஆகுபெயரை நிறுத்திவிட்டுப் பெயர்த்தி என்னும் சொல்லை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொருவரும் தம் பெயர் யாருடைய பெயர், அதன் பொருள் என்ன என்று வீட்டிற் கேட்டு எழுதிவருமாறு சொன்னேன். நாற்பது பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பொருள் தெரியாது என்றே எழுதி வந்தனர். அந்தப் பெண் மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். தாத்தா சொல்லச் சொல்ல எழுதியதாம். அதை வகுப்பிற் படிக்கச் சொன்னேன். கேலி அன்றே நின்றுவிட்டது என்று சொன்னால் அது கதையாகும். சில நாள் தொடர்ந்தது. பிறகு சலித்துப்போய் ஓய்ந்தது. பெயர் மாற்றம் கேட்டு அவள் மீண்டும் வரவில்லை. இப்போது திரைப்படமும் வந்துவிட்டதால் பள்ளிப்பிள்ளைகள் அனைவருக்கும் குந்தவை யார் என்று தெரிகின்றது. கேலிக்கான காரணம் பாதி குறைந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

பெயரிட முடிவு செய்தவர்களுக்கு இரண்டு சொற்கள். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் எழுதும்போது, மெல்லொலித் தகரத்துக்கு உரிய எழுத்தை இடுங்கள்; வேலுக்குரிய ஒலியை இட்டுவிட்டால் பிறகு வங்கியிலும் கடவுச்சீட்டிலும் அந்த ஒலியே ஒட்டிக்கொள்ளும். தமிழில் எழுதும்போது குந்தவி என்றும் குந்தவ்யா என்றும் புதுக்கித் தேய்க்காதீர்கள். ஈற்றிலுள்ள ஐகாரத்தில்தான் அந்த அவ்வை இருக்கின்றாள். வீட்டில் அழைக்கச் செல்லப்பெயர் வேண்டுமென்றால் மல்லிகா என்று அழையுங்கள். அதுவும் பொருளால் அதே பெயர்தான்.

குந்தவை வேண்டாம் என்று இன்னும் எண்ணும் பெரியோர்க்கும் திருமலை கைவிடவில்லை. அதே மலையில், அதற்கு முந்தைய ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றில், கொடை அளித்த மற்றும் இரண்டு பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒருவர் பல்லவ அரசரின் தேவி சிண்ணவையார். இவர் பெயரின் ஈற்றிலும் அவ்வை இருப்பதைக் கண்டுகொள்வீர்கள். மற்றவர் இளையமணி நங்கை. இந்தப் பெயரில் ஒரு குழந்தையை நான் இதுவரை கண்டதில்லை. அடுத்த முறை திருமலைக்குச் செல்வோர் மலையேறும்போது இந்த நான்கு பெயர்களையும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே ஏறுங்கள்: குந்தவை, சாமுண்டப்பை, சிண்ணவை, இளையமணி நங்கை.